சந்தா கையில் இருக்கிறது, கிளவுட் சர்வருக்கு ஏன் இரண்டாம் கட்டணம்?

பிரிக்பீல்ட்ஸ்: உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட் 1 முதல் கட்டம் கட்டமாக நடப்புக்கு வந்துள்ளது. கணக்கை இனியும் அலுவலக மூலையில் உள்ள பழைய சர்வர் பெட்டியில் வைத்திருக்கலாமா, கிளவுட்டுக்கு மாற்றிவிடலாமா என்ற கேள்வி நம்மவர்களின் சிறு நிறுவனங்களுக்கும் வந்துவிட்டது. ஜாலான் துன் சம்பந்தன் கடைவீட்டு மாடியில் இயங்கும் கணக்கர் அலுவலகமானாலும், கிள்ளானில் உள்ள அச்சகமானாலும் கேள்வி ஒன்றுதான்.

இப்படி மாறும்போது பலர் கேட்க மறக்கும் இன்னொரு கேள்வி உண்டு. பழைய சர்வரின் இயங்குதளத்திற்கு ஏற்கெனவே ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறோமே, அதை கிளவுட்டுக்குக் கொண்டு போக முடியாதா? பல வேளைகளில் முடியும். ஆனால், முன்கூட்டியே கேட்டுச் சரியானதைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ஒரே இயங்குதளத்திற்கு இரண்டு முறை பணம் போகும்.

மிளகாய் நம்முடையதா, மில்காரருடையதா?

மாவு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். மிளகாயையும் மல்லியையும் நாமே வாங்கிக் காயவைத்துக் கொண்டு போனால், அரைக்கும் கூலி மட்டும் கொடுப்போம். வெறுங்கையோடு போய் மில்காரரின் மிளகாய்த்தூளை வாங்கினால், சரக்கின் விலையும் கூலியும் சேர்ந்து வரும். இரண்டும் நியாயமே. வீட்டு மிளகாயைப் பையோடு ஓரமாக வைத்துவிட்டு, மில்காரரின் தூளையும் வாங்கி வந்தால்தான் நட்டம்.

கிளவுட்டிலும் அதே கணக்குதான். சர்வரை எடுக்கும்போது, எந்த இயங்குதளத்தோடு வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் உள்ள ஒவ்வொன்றையும் 'இமேஜ்' என்பார்கள். ஒரு வகை இமேஜில் இயங்குதளக் கட்டணமும் மணிக்கணக்கில் சேர்ந்திருக்கும். இன்னொரு வகை, சொந்தச் சந்தா வைத்திருப்பவர்களுக்கானது. அதில் இயந்திர வாடகை மட்டுமே வரும். பட்டியலில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் கட்டணம் சேர்ந்த வகைதான்.

கூடுதலாகக் கட்டும் பணத்திற்கு வரியும் உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களின் மின்னியல் சேவைகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் 6 விழுக்காடு சேவை வரி விதிக்கப்பட்டது. 2024 மார்ச் 1 முதல் அது 8 விழுக்காடு. தேவையில்லாமல் கட்டும் ஒவ்வொரு 100 வெள்ளிக்கும் மேலே 8 வெள்ளி போகும்.

கிளவுட் நம் பக்கத்தில்தான்

கிளவுட் என்பது வானத்தில் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் கணினிகள்தான். அமேசான் 2024 ஆகஸ்ட்டிலும் மைக்ரோசாப்ட் 2025 மே மாதத்திலும் மலேசியாவிலேயே தங்கள் கிளவுட் வட்டாரங்களைத் திறந்தன. கூகுள் தனது தரவு மையத்தை எல்மினா வணிகப் பூங்காவில் கட்டுகிறது. ஒரு காலத்தில் எல்மினா தோட்டம் இருந்த வட்டாரம் அது. வாடிக்கையாளர் விவரங்களை நாட்டுக்குள்ளேயே வைத்திருக்க விரும்புவோருக்கு இப்போது வழி இருக்கிறது.

எந்தச் சந்தா எப்படிப் போகும்?

ரெட் ஹேட்: நிறுவனத்தின் ரெட் ஹேட் கணக்கில் கிளவுட் கணக்கை முதலில் இணைக்க வேண்டும். இணைத்த பிறகு, இயங்குதளக் கட்டணம் சேராத 'கோல்டு இமேஜ்' உங்கள் கிளவுட் கணக்கில் தெரியும். வழக்கமான ஒரு சர்வர் சந்தா, 2 சாக்கெட் வரை உள்ள ஒரு பெட்டிக்கு அல்லது 2 மெய்நிகர் சர்வர்களுக்குப் பொருந்தும். எல்லாச் சந்தாவும் கிளவுட்டுக்குத் தகுதி பெறாது என்பதால், விற்றவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். தனிநபர்களுக்கு 16 கணினிகள் வரை இலவசச் சந்தாவும் உண்டு. ஆனால், அது நிறுவனத்தின் பெயரில் பயன்படுத்துவதற்கு அல்ல.

சூசே: சொந்தச் சந்தாவுக்கான இமேஜை எடுத்து, சூசே வாடிக்கையாளர் மையத்தில் உள்ள பதிவு எண்ணைக் கொடுத்துச் சர்வரைப் பதிவு செய்ய வேண்டும்.

உபுண்டு: இயங்குதளம் இலவசம். 10 ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தரும் 'உபுண்டு புரோ'வுக்குத்தான் சந்தா. தனிநபர்களுக்கும் சிறு அளவிலான வணிகத்திற்கும் 5 கணினிகள் வரை அதுவும் இலவசம். கிளவுட் பட்டியலில் 'புரோ' என்று பெயர் போட்ட இமேஜை எடுத்தால் கட்டணம் வரும். சாதாரண உபுண்டுவை எடுத்து, உங்கள் கணக்கில் உள்ள குறியீட்டை அதில் சேர்த்தால் போதும்.

விண்டோஸ் சர்வர்: சிக்கல் அதிகம் இங்கேதான். கணினி வாங்கியபோது அதோடு வந்த ஓ.இ.எம். உரிமம் அந்தப் பெட்டிக்கே உரியது, கிளவுட்டுக்கு வராது. 'சாஃப்ட்வேர் அஷூரன்ஸ்' இருந்தால் மைக்ரோசாப்டின் அஷூர் கிளவுட்டுக்குக் கொண்டு போகலாம். 2 கோர் உள்ள சிறிய சர்வரானாலும் 8 கோர் உரிமம் கணக்கில் போகும். மாற்றும் காலத்தில் பழைய சர்வரும் புதிய சர்வரும் சேர்ந்து ஓட 180 நாள் அவகாசம் உண்டு. மற்ற பெரிய கிளவுட்களுக்குக் கொண்டு போக, 2019 அக்டோபர் 1 முதல் மைக்ரோசாப்ட் விதிகளை இறுக்கிவிட்டது. அங்கே பொதுவாக விண்டோஸ் கட்டணம் சேர்ந்த சர்வரைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

எப்போதும் சொந்தச் சந்தாதான் மலிவா?

இல்லை. ஒரு மாதத்திற்குச் சுமார் 730 மணி நேரம். கணக்கர் அலுவலகத்தின் சர்வர் அத்தனை மணி நேரமும் ஓடும். அதற்கு ஆண்டுச் சந்தா பொருத்தம். சனி, ஞாயிறு இரு நாளும் 3 மணி நேரம் மட்டும் சர்வரை ஓட்டும் டியூஷன் மையத்திற்கு மாதம் 26 மணி நேரம்தான் கணக்கு. அவர்கள் புதிதாகச் சந்தா வாங்குவதைவிட, மணிக்கணக்கில் கட்டணம் கட்டுவதே பெரும்பாலும் நல்லது. சந்தா காலாவதியாக இரண்டு மாதமே இருந்தால், புதுப்பிக்கும் முன்பு இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

- சந்தா யார் பெயரில், எத்தனை சர்வருக்கு, எந்தத் தேதி வரை என்று தாளில் பாருங்கள். அது கணினிக் கடைக்காரரின் மின்னஞ்சலில் பதிவாகியிருந்தால், முதலில் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றுங்கள்.
- கிளவுட் அமைத்துத் தருபவரிடம், "இந்த இமேஜில் இயங்குதளக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.
- சர்வரைப் பதிவு செய்த பிறகு, பாதுகாப்புத் திருத்தங்கள் இறங்குகின்றனவா என்று ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.
- வேலை முடிந்ததும் பழைய பெட்டியின் பதிவை நீக்குங்கள். ஓர் இடத்திற்கான சந்தாவை இரண்டு இடத்தில் ஓட்டுவது ஒப்பந்த மீறல்.
- முதல் மாத பில்லை வரி வரியாகப் படியுங்கள். தவறான வகையில் எடுத்திருந்தாலும் பயம் வேண்டாம். ரெட் ஹேட், சூசே இரண்டையும் அஷூரில் சர்வரைக் கலைக்காமலே சொந்தச் சந்தாவுக்கு மாற்ற வசதி இருக்கிறது.

மூன்றாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கட்டணம் சேர்ந்த இமேஜில், திருத்தங்கள் கிளவுட் நிறுவனத்தின் வழியாகத் தானாகக் கிடைக்கும். சொந்தச் சந்தாவில் அந்தப் பொறுப்பு நம்முடையது. பதிவு செய்யாத சர்வரும், சந்தா முடிந்துபோன சர்வரும் வழக்கம்போல ஓடிக்கொண்டேதான் இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே திருத்தம் மட்டும் வராது. அந்தச் சர்வரில் இருப்பது வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண்ணும் ஊழியரின் சம்பளக் கணக்கும். சந்தா முடியும் தேதியைச் சாலை வரி முடியும் தேதியைப் போல நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.