உறுமும் குட்டி கெட்ட குட்டியா?

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், நாமக்கல்லை எட்டுவதற்கு முன் வருகிறது புதுச்சத்திரம். சாலையை விட்டு இறங்கினால் குச்சிக்கிழங்குக் காடும், சோளக்காடும், நிலக்கடலையும், இடையிடையே கோழிப்பண்ணைகளுமாக விரிகின்றன. காட்டின் நடுவே தன்னந்தனியாக நிற்கும் சாளைகளுக்கு நாய் அலங்காரப் பொருளல்ல, அவசியம். ஆட்டுப்பட்டிக்கும் அதுதான் காவல். பண்ணைக்குள் நுழையப் பார்க்கும் கீரிக்கும் காட்டுப்பூனைக்கும் அதுதான் பகை.

இத்தகைய தோட்டத்து வீட்டுக்கு ஒரு வேட்டை நாய்க் குட்டி வருகிறது என்று வைத்துக் கொள்வோம். ஐந்தாறு மாதம் வரை துள்ளி விளையாடுகிறது. பிறகு ஒருநாள், பால் கறக்க வந்தவரைக் கண்டு பின்வாங்கி, உதட்டைச் சுருட்டி, தொண்டைக்குள் உறுமுகிறது. உடனே வீட்டில் மூன்று தீர்ப்புகள் பிறக்கின்றன.

"சரியான காவல் நாய்!" என்று மெச்சுகிறார் வீட்டுக்காரர். "இப்பவே நாலு போடு போட்டு அடக்கோணும்" என்கிறார் அப்பாரு. "புள்ளைங்க இருக்கிற ஊடு, வண்டியில ஏத்திக் கொண்டுபோயி எங்கியாச்சும் உட்டுட்டு வந்துருங்க" என்கிறார் அப்பத்தா.

மூன்று தீர்ப்புகளும் தவறானவை. ஏன் என்று பார்ப்போம்.

அச்சத்தின் மொழி

நாய்க்கு வாய்ப்பேச்சு இல்லை, உடம்புதான் பேச்சு. துணிந்து எதிர்க்கும் நாய் உடலின் பாரத்தை முன்னால் தள்ளும்; வாலைத் தூக்கும்; நேருக்கு நேர் முறைக்கும். பயந்து உறுமும் நாயோ பாரத்தைப் பின்னங்கால்களில் வைக்கும். காது தலையோடு ஒட்டிக் கொள்ளும். வால் காலிடுக்கில் போகும். கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்க்கும். தூக்கம் வராதபோதே கொட்டாவி விடும். தீனி இல்லாதபோதே உதட்டை நக்கும்.

இந்தச் சிறு குறிப்புகளை யாரும் கவனிக்காதபோதுதான் உறுமல் வருகிறது. "எனக்குப் பயமாக இருக்கிறது, தள்ளிப் போ" என்பதே அதன் பொருள். அதையும் மதிக்காவிட்டால் அடுத்தது பல்தான். "குரைக்கிற நாய் கடிக்காது" என்ற பழமொழியை நம்பி, பின்வாங்கும் நாயை மூலைக்குத் துரத்துகிறவர்களே கடி வாங்குகிறார்கள்.

ஆகவே பயந்து உறுமும் குட்டியை நல்ல காவல் நாய் என்று மெச்சுவது பிழை. நல்ல காவல் நாய்க்கு ஆளைப் பிரித்தறியத் தெரியும். பயந்த நாய்க்கு உறவினரும் ஒன்றே, திருடனும் ஒன்றே.

வேட்டைக்குப் பிறந்த இனம்

இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தமிழ்நாட்டின் புகழ்பெற்ற நாட்டு நாய்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் இனங்கள். ஒல்லியான உடல், நீண்ட கால், ஆழ்ந்த மார்பு. தூரத்தில் ஒரு புல் அசைந்தாலும் அவற்றின் தலை திரும்பிவிடும். முயலை ஓட்டிப் பிடிக்க உதவிய அந்தக் கூர்மைதான், வீட்டு வாசலில் திடீரென்று குடை விரித்தாலும் துள்ளி விலகச் செய்கிறது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயல் வேட்டையும் குற்றமாயிற்று. நாயின் தொழில் போயிற்று, குணம் போகவில்லை. தமிழக அரசின் கால்நடை பராமரிப்புத் துறை, இந்த இனங்களைக் காக்கச் சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவை ஏற்படுத்தியது. 2005இல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்கு வெளியிட்ட தபால் தலைகளில் இராசபாளையமும் இடம் பெற்றது. இத்தனை பெருமையுள்ள குட்டி, நம் வீட்டில் ஒரு மூலையில் சங்கிலியோடு நடுங்கிக் கொண்டிருந்தால் அது யார் குற்றம்?

பன்னிரண்டு வாரத்துக்குள்

குட்டியின் மனம் திறந்திருக்கும் காலம் மிகவும் குறுகியது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துப் பார் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் நாய்களை ஆராய்ந்த ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்ற இருவரும் 1965இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். ஏறக்குறைய 3 வாரம் முதல் 12 வாரம் வரையில் குட்டி யாரைப் பார்க்கிறதோ, எதைக் கேட்கிறதோ, அவையே அதற்கு உற்றவை ஆகின்றன.

அங்கே நடந்த மற்றொரு சோதனையின் முடிவு 1961இல் வெளியாயிற்று. வேலியிட்ட வெளியில் மனிதப் பழக்கமே இல்லாமல் குட்டிகளை வளர்த்து, வெவ்வேறு வயதில் வெளியே கொண்டு வந்தார்கள். 14 வாரம் வரை அப்படியே விடப்பட்டவை, பின்னர் எத்தனை பழக்கியும் மனிதரை நெருங்க அஞ்சின.

நம் தோட்டங்களில் நடப்பதும் இதன் சிறு வடிவமே. குட்டி வளர்வது காட்டுச் சாளையில். அது பார்ப்பது வீட்டார் நாலைந்து பேரையும் ஆட்டையும் மாட்டையும்தான். தலையில் துண்டு கட்டிய ஆளும், தலைக்கவசம் அணிந்த ஆளும், லாரியின் ஒலிப்பானும், மாரியம்மன் பண்டிகையின் பறையொலியும், தீபாவளி வெடியும் அதற்குப் பின்னால் திடீரென்று வந்து சேர்கின்றன. பருவமடையும் வயதில் பழைய பயங்கள் மறுபடி தலைதூக்குவதும் உண்டு. அதனால்தான் ஐந்தாறு மாதக் குட்டி, நேற்று வரை சும்மா இருந்த ஆளைப் பார்த்து இன்று உறுமுகிறது.

அடித்தால் என்ன?

"அடியாத மாடு படியாது" என்பார்கள். மாட்டுக்கே அது பொருந்துமா என்பது வேறு விஷயம்; பயந்த நாய்க்கு நிச்சயம் பொருந்தாது. அந்நியர் வந்தார், முதுகில் அடி விழுந்தது; மறுநாளும் அப்படியே. குட்டி படிக்கும் பாடம் என்ன? "அந்நியர் வந்தால் வலிக்கும்" என்பதுதான். பயம் இரட்டிப்பாகிறது. கெட்டிக்காரக் குட்டியானால், உறுமினால் அடி விழும் என்பதையும் கற்றுக் கொண்டு, உறுமாமலே கடிக்கத் தொடங்கும். தீயை அணைக்காமல் எச்சரிக்கை மணியைக் கழற்றி எறிந்த கதைதான்.

2009இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார், நாய் வளர்க்கும் 140 பேரிடம் கேட்டு எழுதிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. நாயை அடித்தோ உதைத்தோ அடக்க முயன்றவர்களில் 100க்கு 43 பேரிடம் நாய் எதிர்த்துச் சீறியது. மல்லாக்கப் புரட்டி அமுக்கியவர்களில் 100க்கு 31 பேருக்கு அதே கதி.

சட்டமும் இதில் பேசுகிறது. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது; அதற்காகப் பாராளுமன்றத்தில் முதலில் குரல் கொடுத்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். நாயை அடித்து வதைப்பதும், அளவு மீறிய நேரம் குறுகிய சங்கிலியில் கட்டிப் போடுவதும், கொண்டுபோய் அனாதையாக விட்டு வருவதும் அச்சட்டப்படி குற்றங்களே.

முதலில் வைத்தியர்

பழக்கத்துக்கு முன் உடம்பைப் பார்க்க வேண்டும். காதில் சீழ், உண்ணிக் காய்ச்சல், பல்வலி, மூட்டு வலி எதுவாயினும் தொடவந்த கையைக் கண்டு உறுமச் செய்யும். வெள்ளை இராசபாளையம் குட்டிகளில் பிறவிச் செவிடும் உண்டு. காது கேளாத குட்டியைப் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுப் பாயாமல் என்ன செய்யும்? அது பாராத பக்கமிருந்து தட்டை ஒலித்துப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி நாமக்கல்லில் இருப்பது புதுச்சத்திரத்தாருக்கு ஒரு வசதி.

முட்டை நாட்டு மருந்து

உடம்பில் குறை இல்லையென்றால் வைத்தியம் வீட்டிலேயே இருக்கிறது. நாமக்கல் சீமையில் முட்டைக்குப் பஞ்சமா? ஒரு முட்டையை வேகவைத்துச் சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக்கிக் கொள்ளுங்கள்.

குட்டி எத்தனை தூரத்தில் ஆளைப் பார்த்தும் உறுமாமல் நிற்கிறதோ, அதுவே தொடக்க எல்லை. அது 30 அடியானாலும் சரி, 100 அடியானாலும் சரி. அந்தத் தூரத்தில் ஆள் தோன்றியதும் ஒவ்வொரு துண்டாகப் போடுங்கள். ஆள் மறைந்ததும் நிறுத்தி விடுங்கள். இதில் வரிசை முக்கியம்: முதலில் ஆள், பிறகு முட்டை. சில நாட்களில் ஆளைக் கண்டதுமே குட்டி உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்போது இரண்டு மூன்று அடி நெருங்கலாம். உறுமினால் அடிக்க வேண்டாம், அதட்ட வேண்டாம். அவசரப்பட்டு விட்டோம் என்று தெரிந்து கொண்டு பழைய தூரத்துக்குத் திரும்புங்கள்.

வந்தவர் குட்டியை முறைக்கக் கூடாது. குனிந்து தலையைத் தடவக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி நின்று, துண்டைக் குட்டிக்குப் பின்புறமாக எறிந்தால் போதும். விலகிப் போகவும் வழி கிடைக்கிறது, தின்னவும் கிடைக்கிறது என்று அறிந்த குட்டி தானாகவே நெருங்கி வரும். சத்தத்துக்குப் பயந்தாலும் இதே முறைதான்: முதலில் தூரத்து மெல்லிய ஒலி, பிறகு அருகே.

தீனித் தட்டில் உறுமும் குட்டியிடமிருந்து தட்டைப் பிடுங்குவது அதன் சந்தேகத்தை உறுதி செய்வதாகும். போகிற போக்கில் தட்டருகே இன்னும் நல்ல துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போங்கள். வருகிற கை பறிக்க வரவில்லை, கொடுக்க வருகிறது என்பது சீக்கிரமே விளங்கும்.

குழந்தைகள் ஜாக்கிரதை

பழக்கம் முடியும் வரை சிறு குழந்தைகளையும் குட்டியையும் தனியே விடவே கூடாது. தூங்கும் நாயையும் தின்னும் நாயையும் தொடாதே என்று குழந்தைக்குக் கற்பிப்பதும் பயிற்சியில் பாதி. கடிக்கும் அச்சமிருந்தால், மூச்சு வாங்க இடமுள்ள வாய்க்கூடையைப் பழக்கலாம்.

மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், பின்னர் ஆண்டுதோறும் தவறாத ஊசியும் வேண்டும். கடித்துவிட்டால், கீறல் சிறிதானாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் மந்திரமும் வேண்டாம். வெறிநோய் வந்த பின் காப்பாற்ற மருந்தில்லை. வருமுன் காக்க ஊசி உண்டு.

பயம் ஒரே நாளில் வந்ததல்ல. ஒரே நாளில் போகாது. சில குட்டிகள் சில வாரங்களில் தேறும். சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். சில, ஆயுள் முழுதும் அந்நியரிடம் ஒதுங்கியே இருக்கும். ஒதுங்கி நிற்பது குற்றமல்ல. உறுமுகிற குட்டி நம்மிடம் ஒன்றைச் சொல்கிறது. அதைக் காது கொடுத்துக் கேட்கும் வீட்டில் நாயும் நிம்மதியாக இருக்கும். குழந்தையும் பத்திரமாக இருக்கும்.