பின் அச்சில் எண்ணெய்க் கசிவு: பழி யார்மேல்?

செம்பனைத் தோட்டங்களிலும் மலைப்பாதைகளிலும் ஓடும் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்குப் பெரிய டயர் மாட்டுவது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். பெரிய டயர் மாட்டிய வண்டி மேட்டில் திணறும். அத்திணறலைப் போக்க டிஃபரன்ஷியலில் உள்ள பற்சக்கரங்களை மாற்றுவார்கள். மாற்றிய சில நாள்களில் பின் சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் வழியத் தொடங்கினால் பட்டறையில் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. “அண்ணே, நீங்க கை வெச்ச பெறகுதான் ஒழுகுது” என்பார் வண்டிக்காரர். “தம்பி, நான் மாத்துனது கியரு. சீலுல கையே வைக்கலையே” என்பார் போமன். இருவரும் உண்மையே பேசுகிறார்கள். ஆயினும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா, காக்கையே பழத்தைத் தள்ளிவிட்டதா என்பது அந்த இரண்டு வாக்கியங்களில் இல்லை. அதை அச்சைக் கழற்றித்தான் படிக்க வேண்டும்.

டிஃபரன்ஷியலை ‘வேறுபாட்டுப் பற்சக்கரத் தொகுதி’ என எழுதலாம். ஆனால் அச்சொல்லோடு பட்டறைக்குள் நுழைந்தால் யாருக்கும் விளங்காது என்பதால், கலைச்சொல் அன்பர்கள் பொறுத்தருள்க. இக்கட்டுரையில் பட்டறைச் சொற்களையே பயன்படுத்துகிறேன்.

எடுத்துக்காட்டாக, தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியின் பின் அச்சை எடுத்துக்கொள்வோம். நடுவில் குடம் போன்ற பகுதி. அதற்குள் பெரிய வளையப் பற்சக்கரமும் அதைச் சுழற்றும் சிறிய பினியனும் இருக்கும். குடத்தின் இரு பக்கமும் இரும்புக் குழாய்கள். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஓர் அச்சுத்தண்டு. தண்டின் உள்முனையில் உள்ள பள்ளவரிகள் டிஃபரன்ஷியலுக்குள் பொருந்தும், வெளிமுனையில் சக்கரம். குழாயின் வெளிமுனையில் ஓர் ஆயில் சீல் உண்டு. இரும்பு வளையம், அதனுள் ரப்பர் உதடு, உதட்டைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்க ஒரு மெல்லிய சுருள்வில். கியர் எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் போகாமல் காப்பது இந்தச் சிறு உதடுதான்.

புதிய பற்சக்கரங்களால் இந்த உதட்டுக்கு வேலை கூடிவிட்டதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 29 அங்குல டயரும் 4.10 விகிதமும் கொண்ட வண்டிக்கு 33 அங்குல டயரும் 4.88 விகிதமும் மாட்டியதாகக் கொள்வோம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் முன்பு அச்சுத்தண்டு நிமிடத்திற்குச் சுமார் 650 முறை சுற்றியது. இப்போது சுமார் 570 முறைதான் சுற்றும். தண்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுவது. டயர் பெரிதானால் அதே வேகத்திற்குக் குறைவாகச் சுற்றினால் போதும். பினியன்தான் சுமார் 2,660 சுற்றிலிருந்து 2,780 ஆகச் சற்றுக் கூடும். பினியனின் சீல் வேறு, அச்சின் சீல் வேறு. ஆகவே விகிதம் மாறியதால் அச்சின் சீல் கெட்டது என்ற வாதம் நிற்காது. காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

தேடும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒழுகுவது கியர் எண்ணெய்தானா? ஹைலக்ஸின் டிஃபரன்ஷியலை வெளியே எடுக்க வேண்டுமானால் இரண்டு அச்சுத்தண்டுகளையும் உருவ வேண்டும். தண்டோடு பிரேக் தட்டும் சேர்ந்து வரும். எனவே பிரேக் குழாயையும் கழற்றியாக வேண்டும். திரும்ப மாட்டும்போது அந்த இணைப்பு சரியாக இறுகாவிட்டால் கசிவது பிரேக் திரவம். இது எண்ணெய்க் கசிவைவிட ஆபத்தானது. கண்டுபிடிப்பது எளிது. கியர் எண்ணெய்க்குக் கந்தகக் கலவையால் வரும் மூக்கைத் துளைக்கும் வாடை உண்டு. ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் எண்ணெய் மிதக்கும். வழக்கமான பிரேக் திரவம் தண்ணீரோடு கலந்துவிடும். பிரேக் திரவக் கலத்தில் மட்டம் இறங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

அடுத்த கேள்வி: ஒரு பக்கமா, இரு பக்கமா? என் கருத்தில் இதைவிடப் பயனுள்ள கேள்வி வேறில்லை. இரண்டு சீல்களும் ஒரே நாளில் கெட்டுப்போவது அரிது. இரு பக்கமும் ஒரே சமயத்தில் ஒழுகினால் இரண்டுக்கும் பொதுவான காரணம் இருக்க வேண்டும். பொதுவானவை மூச்சுக்குழாயும் எண்ணெய் மட்டமும்.

அச்சுக் குழாயின் மேற்புறம் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு மூச்சுத்துளை உண்டு. உள்ளே காற்று சூடாகி விரியும்போது அதன் வழியே வெளியேறும். சேற்றிலும் ஆற்றிலும் இறங்கும் வண்டிகளில் செம்மண் அடைத்துக்கொள்வது இத்துளையைத்தான். அடைந்துவிட்டால் என்னவாகும்? அடைபட்ட காற்று 30 பாகையிலிருந்து 100 பாகை செல்சியஸ் வரை சூடானால் அதன் அழுத்தம் ஏறக்குறைய 23 விழுக்காடு கூடும். அதாவது சதுர அங்குலத்திற்கு மூன்று இராத்தலுக்கு மேல். சீலின் உதடு எண்ணெயைத் துடைத்துத் தடுக்கத்தான் செய்யப்பட்டது, அழுத்தத்தை எதிர்த்து நிற்க அன்று. புதிய பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று பழகும் வரை பழையவற்றைவிட அதிகமாகச் சூடாகும். மூச்சுத்துளை பல மாதங்களாகவே அடைபட்டிருந்து, புதிய சூடுதான் அதைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். இங்கே பற்சக்கரம் காக்கை மட்டுமே. சோதனை எளிது: நீண்ட ஓட்டத்திற்குப் பின், கை சுடாமல் பார்த்துக்கொண்டு, எண்ணெய் ஊற்றும் அடைப்பை மெல்லத் தளர்த்துங்கள். ‘உஸ்’ என்று காற்று வந்தால் மூச்சுத்துளை அடைபட்டிருக்கிறது. சூடான அச்சு ஆற்றுநீரில் சட்டென்று குளிரும்போது எதிர்மாறாக நடக்கும்; உள்ளே அழுத்தம் குறைந்து சீல் வழியே தண்ணீர் உறிஞ்சப்படும். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் அதுதான் காரணம். ஒரு ரப்பர்க் குழாயை மாட்டி மூச்சுத்துளையை உயரத்திற்குக் கொண்டுசெல்வதே தீர்வு.

எண்ணெய் மட்டம் ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை இருக்க வேண்டும், அதுவும் வண்டி சமதளத்தில் நிற்கும்போது. முன்பக்கத்தையோ பின்பக்கத்தையோ மட்டும் தூக்கிவைத்து ஊற்றினால் அளவு தவறிவிடும். மிகுதியாக ஊற்றிய வண்டியைச் சாலையோரம் நிறுத்தினால் இன்னொரு வேடிக்கை. நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். எண்ணெய் இடக் குழாய்க்குள் ஓடி அந்தச் சீலிலேயே தேங்கும். ஆகவே மிகுதி எண்ணெய் இரு பக்கத்துக் காரணமாயினும் சில வேளை ஒரு பக்கத்துக் கசிவாக வேடமிட்டு வரும். சமதளத்தில் அடைப்பைத் திறந்து, மிகுந்ததை வழியவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவை இரண்டும் சரியாக இருந்து, ஒரு பக்கம் மட்டும் ஒழுகினால் தண்டை உருவத்தான் வேண்டும். போமன் ‘கையே வைக்கவில்லை’ என்று சொன்ன சீலுக்கு இப்போது வருகிறோம். அவர் கை படவில்லைதான், ஆனால் தண்டு பட்டது. கனமான தண்டை வெளியே இழுக்கும்போதும் திரும்பச் செருகும்போதும் அதன் முனையில் உள்ள பள்ளவரிகள் அரம்போல் உதட்டை அறுத்துக்கொண்டு போகும். தண்டின் எடையைக் கையில் தாங்காமல் சீலின்மேல் சாய்த்தால் சுருள்வில்லும் நழுவிவிடும். இவ்வகைக் கசிவு முதல் ஓட்டத்திலேயே தொடங்கும். உதட்டின் அடிப்பகுதியில் புதிய வெட்டு தெரிந்தால் ஐயத்திற்கு இடமில்லை. பனம்பழத்தைக் காக்கையேதான் தள்ளியிருக்கிறது. புதிய சீல் போட்ட இடத்திலும் பிழை நேரலாம்: சாய்வாக அடித்திருப்பது, உதட்டுக்கு எண்ணெய் தடவாமல் உலர்வாகச் செருகியது, வில் உள்ள பக்கத்தை எண்ணெயை நோக்கி வைக்காமல் திருப்பி வைத்தது.

சீல் புதிது, வெட்டும் இல்லை, ஆனாலும் ஒழுகுகிறதா? தண்டில் உதடு உரசும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். பல ஆண்டு உரசலில் அங்கே வளையமாகப் பள்ளம் விழுந்திருக்கும். பழைய உதடு தான் தோண்டிய பள்ளத்தில் தானே அமர்ந்து காலம் தள்ளியிருக்கும். புதிய உதடு அதில் பொருந்தாது. சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்த இடமிருந்தால் பிழைக்கும். இல்லையெனில் மெல்லிய உலோக உறை போடலாம் அல்லது தண்டை மாற்றலாம்.

மற்றொன்று பேரிங். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியும். தண்டு நடுப்புள்ளியில் சுற்றாமல் தள்ளாடினால் எந்தச் சீலாலும் அதைப் பின்தொடர முடியாது. பெரிய டயரும், வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ரிம்மும் பேரிங்கின்மேல் கூடுதல் சுமையைப் போடும் என்பதால் பழி கொஞ்சம் டயருக்கும் உண்டு. மிகுபாரம் ஏற்றிப் பழகிய வண்டியில் அச்சுக் குழாயே வளைந்திருக்கலாம். இவ்வகைக் கசிவுகள் உடனே வாரா. சில வாரங்கள் கழித்தே தலைகாட்டும்.

எதுவாயினும் ஒத்திப்போடக் கூடாது. எண்ணெய் ஊறிய பிரேக் லைனிங் அந்தப் பக்கம் பிடிக்காது. கேமரன் மலை இறக்கத்தில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடும் சிக்கனம் நம்மிடையே உண்டு. மேலே காய்ந்தாலும் உள்ளே ஊறியது சூட்டில் மீண்டும் வெளிவரும். இரு பக்கமும் புதிதாகப் போடுவதே முறை. எண்ணெய் குறைந்தால் பெருந்தொகை கொடுத்து மாற்றிய புதிய பற்சக்கரங்களும் தேய்ந்து ஊளையிடத் தொடங்கிவிடும்.

செலவு யாருடையது? பள்ளவரி அறுத்த உதடும் தப்பாக அடித்த சீலும் பட்டறையின் கணக்கு. அடைபட்ட மூச்சுத்துளை, பள்ளம் விழுந்த தண்டு, தேய்ந்த பேரிங் ஆகியவை வண்டியின் வயது. அவற்றைப் போமன்மேல் சுமத்துவது நியாயமன்று. ஆனால் தண்டைக் கையில் பிடித்திருந்தவர் பள்ளத்தைப் பார்த்திருப்பார். பார்த்ததை வண்டிக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். வண்டிக்காரரும் பற்சக்கரம் மாற்றக் கொடுக்கும்போதே இரண்டு சீல்களுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிடலாம். பற்சக்கரத்தின் விலைக்கு முன் சீலின் விலை பொருட்டேயில்லை. தண்டு வெளியே இருக்கும்போது கூலியும் தனியாக ஆகாது. மாட்டிய பின் 20 நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு, இரு சக்கரங்களின் உட்புறத்தையும் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். 800 கிலோமீட்டரில் எண்ணெயை மாற்றும்போது மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.