மெடியோ அணை

மெடியோ அணை என்பது கசக்ஸ்தானின் அல்மாட்டி நகருக்கு மேலே, சின்ன அல்மாட்டி ஆற்றின் பள்ளத்தாக்கில் உள்ள சேற்றுவெள்ளத் தடுப்பணை ஆகும். 1921 ஆம் ஆண்டு மலையிலிருந்து இறங்கிய சேறும் பாறைகளும் இந்நகரில் சுமார் 500 பேரைப் பலிகொண்டன.

பொதுவாக அணைக்கான கற்கள் குவாரியில் வெடிவைத்து எடுக்கப்பட்டு, லாரிகளில் கொண்டுவரப்பட்டு, அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்கப்படும். இங்கோ மலைச்சரிவே குடையப்பட்டு உள்ளே வெடிமருந்து நிரப்பப்பட்டது. பாறைகள் ஆற்றின் குறுக்கே விழும்படி வெடிமருந்தின் இடம், அளவு, வெடிக்கும் வரிசை ஆகியன முன்கூட்டியே கணக்கிடப்பட்டன. இது திசைப்படுத்திய வெடிப்பு எனப்படும். 1966 அக்டோபர் 21 அன்று வலக்கரையில் 5,000 டன்னுக்கும் கூடுதலான வெடிமருந்தும், 1967 ஏப்ரலில் இடக்கரையில் ஏறத்தாழ 4,000 டன்னும் வெடிக்கப்பட்டன. அக்குவியலின் மீது வழக்கமான முறையில் அணை உயர்த்தப்பட்டது.

இவ்வாறு குவியும் பாறைகள் இறுக்கப்படாதவை. அவற்றினூடே நீர் கசியும். எப்போதும் நீரைத் தேக்கிவைக்கும் அணைக்கு இது பெருங்குறை. சேற்றை மட்டும் மறிக்கும் அணைக்கு அவ்வளவாக இல்லை. 1973 ஜூலை 15 அன்று வந்த பெரும் சேற்றுவெள்ளத்தை இவ்வணை தடுத்து நிறுத்தியது. ஆயினும் வடிகால்கள் அடைபட்டு நீர்மட்டம் உயர்ந்து, அணையினூடே கசிவும் தோன்றியதால், எக்கிகளைக் கொண்டு நீரை அவசரமாக வெளியேற்ற நேர்ந்தது. அதன் பின்னர் அணையின் உயரம் 150 மீட்டராக்கப்பட்டது.