குட்டி கேம்... கெட்டி மனசு!

சுட்டுச் சுட்டு விரல் வலிக்குதா பாஸ்? இந்தக் குட்டி கேம்ஸை ஆடிப் பாருங்க.

'வெண்பா' (2023): 1980-கள்ல கனடா போன தமிழ்க் குடும்பம். கிழிஞ்ச சமையல் குறிப்பைப் பார்த்து நீங்கதான் இட்லி அவிக்கணும். தட்டை மாத்தி அடுக்கணும், இல்லேன்னா ஆவி ஏறாது! மகன் தமிழைவிட்டு விலகுற இடத்துல, ஆட்டத்தை நிறுத்திட்டு அம்மாவுக்கு போன் போட்டேன்.

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' (2013): லூகாஸ் போப் உருவாக்கினது. நீங்க எல்லைச்சாவடி அதிகாரி. கணவன் உள்ளே போயாச்சு. மனைவிகிட்ட அனுமதிச்சீட்டு இல்லை. விடுவீங்களா? தப்பு கூடினா சம்பளம் கட், வீட்டுல பட்டினி. நான் விட்டுட்டேன்!

மூணாவது கேம்? அது நம்ம ஏரியாவுல காத்திருக்கு. காசிமேட்டு விடியற்கால ஏலம், எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரிக்குள்ள தூங்குற டிரைவர்... இட்லியே கேம் ஆச்சு, இது ஆகாதா? ராயபுரம், திருவொற்றியூர் மக்கா, யார் ஆரம்பிக்கப்போறீங்க?