வயிற்று வலியும் காப்பீட்டு அட்டையும்



விடியுமுன்னே ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறோம். நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. வயிறு எரிந்தால் கடை மாத்திரை. முற்றிய பிறகு குழுவில் கடன் வாங்கித் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அட்டை பீரோவில் கிடக்கிறது!

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆனால் சும்மா டாக்டரைப் பார்க்கும் பீஸுக்கு அட்டை செல்லாது. பட்டியலில் உள்ள ஆபரேஷன், படுக்கையில் சேர்த்துச் செய்யும் சிகிச்சை, சில பரிசோதனைகளுக்குத்தான் செல்லும்.

அதனால் முதலில் கம்பம், போடி, பெரியகுளம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் காட்டுவோம். தேவைப்பட்டால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, குடல் இரைப்பைக்குத் தனிப் பிரிவு உள்ள மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள்.

தனியாருக்குப் போவதானால், "அட்டை எடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டால் போதாது. கண் ஆபரேஷனுக்கு அனுமதி பெற்ற ஆஸ்பத்திரிக்குக் குடல் சிகிச்சைக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். "குடல், இரைப்பை வைத்தியத்துக்கு எடுப்பீங்களா?" என்று சேருமுன்னே கேட்க வேண்டும். 1800 425 3993 என்ற இலவச எண்ணிலும் விசாரிக்கலாம்.

ரத்த வாந்தி, தார் மாதிரி கறுத்த மலம் என்றால் அட்டையைத் தேடி நிற்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். விழுங்க முடியாமல் போனாலோ, காரணமின்றி உடம்பு இளைத்தாலோ தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் தேனி கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் யார் யாரிடம் அட்டை இருக்கிறது என்று பார்ப்போமா?