காயும் கனியும்: பாலர் வகுப்பில் ஒரு பாடம்

நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளின் பாலர் வகுப்புகளில் இரண்டு படத்தாள்கள் சுவரில் தொங்குவதைப் பெரும்பாலும் காணலாம். ஒன்றின் தலைப்பு 'பழங்கள்'. மற்றொன்றின் தலைப்பு 'காய்கறிகள்'. முதல் தாளில் ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை, பப்பாளி. இரண்டாம் தாளில் கேரட், முட்டைக்கோசு, கத்தரிக்காய், வெண்டைக்காய். ஆசிரியர் கோலால் தொட்டுக் காட்டுவார், குழந்தைகள் ஒரே குரலில் பெயர் சொல்வார்கள், பாடம் முடிந்துவிடும். இம்முறையில் என்ன குறை என்று கேட்கும் ஆசிரிய நண்பர்களுக்கு, என் பணியின் தொடக்க ஆண்டுகளில் நானே செய்த பிழை ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் பாலர் வகுப்பு ஆசிரியை விடுப்பில் இருந்தமையால் அவ்வகுப்பை நான் பார்த்துக்கொண்டேன். வண்ணம் தீட்டாத கோட்டுப் படங்களைக் கொடுத்து, அவற்றுக்கு வண்ணம் தீட்டிப் பழங்களை ஒரு கூடையிலும் காய்கறிகளை மற்றொரு கூடையிலும் ஒட்டும்படி சொன்னேன். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி பப்பாளிக்குப் பச்சை வண்ணம் தீட்டிக் காய்கறிக் கூடையில் ஒட்டியிருந்தாள். "பப்பாளி பழம் அல்லவா? இங்கே ஏன் ஒட்டினாய்?" என்று சற்று உரக்கவே கேட்டுவிட்டுச் சிவப்பு மையால் குறுக்குக்கோடு போட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அதன்பின் சில வாரங்கள் வரை என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வாள்.

பிறிதொரு நாள் அவளுடைய பாட்டி பள்ளிக்கு வந்தார். பேச்சு வாக்கில் இதைச் சொன்னேன். "எங்க கொல்லையில ரெண்டு பப்பாளி நிக்குதுங்க ஐயா. பழுக்க எங்க விடுறோம்? காயாவே பறிச்சுக் கூட்டு வச்சுடுறோம். புள்ளைக்குப் பப்பாளின்னா கறிதானுங்களே!" என்றார் அந்த அம்மையார்.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குழந்தை தான் கண்டதைச் சொன்னாள். நானோ படத்தாளைச் சொன்னேன். பச்சை வண்ணம் தீட்டியதிலும் அவள் பிழை செய்யவில்லை, கூடையைத் தேர்ந்ததிலும் பிழை செய்யவில்லை. பிழை என்னுடையதே.

சொல்லிலேயே உள்ள பாடம்

பழம், காய்கறி என்று இரண்டு கூடைகளாகப் பிரிப்பது கடைக்காரருக்கு வசதி. தமிழ்ச்சொற்களோ அதைவிட நுட்பமான ஒன்றைச் சொல்கின்றன. காய் என்பதும் பழம் என்பதும் இரு வேறு பொருள்கள் அல்ல. ஒரே பொருளின் இரு பருவங்கள். மாங்காய் மாம்பழம் ஆகிறது. வாழைக்காய் வாழைப்பழம் ஆகிறது. பூ உதிர்ந்தவுடன் இருப்பது பிஞ்சு, வளர்ந்தது காய், கனிந்தது பழம். சதைப்பற்று இல்லாமல் காய்ந்து முற்றுவதாயின் அது நெற்று. முருங்கைக்காய் பழமாவதில்லை, முருங்கை நெற்றாகிறது. அவரையும் அவ்வாறே. சதைக்கனி, உலர்கனி என்று தாவர நூலார் பகுப்பதை நம் பாட்டிமார் பழம் என்றும் நெற்று என்றும் அன்றாடம் வழங்கி வந்திருக்கிறார்கள்.

மலரின் சூலகம் வளர்ந்து விதையைத் தாங்கி நிற்பதையே தாவர நூலார் கனி என்பர். அக்கணக்கில் கத்தரி, வெண்டை, பாகல், புடல், பீர்க்கு, பூசணி யாவும் கனிகளே. ஆங்கிலம் படித்தவர் இதைக் கேட்டு வியப்பார். தமிழ்க் குழந்தைக்கு இதில் வியப்பு இல்லை. கத்தரிக்காய், வெண்டைக்காய், பாகற்காய் என்று பெயரிலேயே 'காய்' ஒட்டியிருக்கிறது. காயல்லாதவற்றுக்குக் கிழங்கு, கீரை, தண்டு, பூ என்று வேறு பெயர்கள் உண்டு. மரவள்ளிக்கிழங்கு, முருங்கைக்கீரை, கீரைத்தண்டு, வாழைப்பூ என்று சொல்லும்போதே செடியின் எந்த உறுப்பை உண்கிறோம் என்பது விளங்கிவிடுகிறது.

ஓர் எச்சரிக்கை. வெங்காயத்தையும் காய் என்று குழந்தைகள் சொல்லக்கூடும். அதன் ஈறு 'காயம்', 'காய்' அன்று. அது மண்ணுக்குள் விளையும் பூண்டினம். இந்த ஐயத்தை எழுப்பும் குழந்தையைப் பாராட்ட வேண்டும். அவள் சொல்லைக் கூர்ந்து கேட்கத் தொடங்கிவிட்டாள் என்பதற்கு அதுவே அடையாளம்.

பிஞ்சுக்கும் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னை, பனை ஆகியவற்றின் பிஞ்சு குரும்பை. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் (1902–1981) தமிழின் சொல்வளத்தை எடுத்துக்காட்ட இத்தகைய சொற்களைத் தொகுத்துக் காட்டியுள்ளார். இவற்றையெல்லாம் பாலருக்குக் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. ஆசிரியர் அறிந்திருந்தால் போதும். பாலருக்குப் பிஞ்சு, காய், பழம், நெற்று என்னும் நான்கு சொற்களே நிறைவானவை.

பொருள் முன்னே, படம் பின்னே

கொமேனியசு என்னும் அறிஞர் 1658-இல் குழந்தைகளுக்கெனப் படங்கள் நிறைந்த பாடநூல் ஒன்றை வெளியிட்டார். படத்தைப் பாடநூலுக்குள் கொண்டுவந்த அவரே, பொருளைப் புலன்களுக்கு நேரே காட்டுவதுதான் முதன்மை என்றும் வற்புறுத்தினார். 1837-இல் செருமனியில் பாலர் பள்ளியைத் தோற்றுவித்த புரோபல், குழந்தைகளுக்குத் தோட்டப் பாத்திகளைக் கொடுத்தார். 1907-இல் உரோமாபுரியில் தம் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மாண்டிசோரி அம்மையார், தொட்டும் முகர்ந்தும் அறிவதே இளமையின் கல்வி என்றார். அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார்.

இவர்கள் கூறியதன் சாரம் ஒன்றே. பொருள் கையில் இருக்க வேண்டும். படம் அதை நினைவூட்ட வர வேண்டும். ஆகவே இப்பாடத்தை ஆப்பிளில் தொடங்காமல், பள்ளி வேலியோரத்துப் பப்பாளியில் தொடங்குங்கள். ஒரே மரத்தில் பூ, பிஞ்சு, காய், பழம் நான்கையும் ஒருங்கே காட்ட அதைவிட நல்ல துணை வேறில்லை. குழந்தைகளை மரத்தடிக்கு அழைத்துச் சென்று நிமிர்ந்து பார்க்கச் சொன்னால், நான்கு சொற்களும் உள்ளங்கை நெல்லிக்கனிபோல் விளங்கிவிடும்.

கதை சொல்லும் முறை

கண்டபின் கதை. பாகற்காயைக் கண்டு முகம் சுளிக்கும் குழந்தைகளுக்கு நான் சொல்லும் கதை இது:

"வேலியிலே ஒரு பாகற்கொடி அம்மா இருந்தாள். அவள் காய்க்குள்ளே விதைப் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அணில் வந்தது. 'நான் தின்னட்டுமா?' என்றது. 'சத்தம் போடாதே, பிள்ளைகள் தூங்குகிறார்கள்' என்றாள் அம்மா. அணில் கேட்கவில்லை, கடித்துப் பார்த்தது. 'அம்மாடி, கசப்பு!' என்று ஓடியே போய்விட்டது. சில நாள் சென்றது. காய் மஞ்சளாயிற்று. ஒரு காலையில் வாயைத் திறந்து சிவப்புச் சிவப்பாய்ச் சிரித்தது. 'என் பிள்ளைகள் விழித்துவிட்டார்கள்! குருவியே, வா! தின்றுவிட்டு இவர்களைத் தூரத்திலே கொண்டுபோய் விடு' என்றாள் அம்மா."

இக்கதையில் கற்பனை உண்டு, பொய் இல்லை. விதை முற்றும் வரை காய் பச்சை நிறத்தில் இலைகளோடு மறைந்திருக்கிறது. கசப்பாலும் புளிப்பாலும் துவர்ப்பாலும் தன்னைக் காத்துக்கொள்கிறது. விதை முற்றியபின் நிறம் மாறிப் பறவைகளை அழைக்கிறது. 'காய் ஏன் புளிக்கிறது? பழம் ஏன் இனிக்கிறது?' என்ற கேள்விக்கு இதுவே விடை. கதை முடிந்தபின் ஒரு பாகற்கொடியில் ஒரே ஒரு காயைப் பறிக்காமல் விட்டுவையுங்கள். அது மஞ்சளாகி வெடிக்கும் நாளில் குழந்தைகள் ஆசிரியரை இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவார்கள். அந்தச் சிவப்பு விதைகளை வாயில் போட்டுக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கதை சொல்லும்போது இரண்டு விதிகளைக் கடைப்பிடித்தல் நலம். முதலாவது, கதையின் இறுதியில் 'ஆகவே பிள்ளைகளே, காய்கறி உண்ணுங்கள்' என்று உபதேசம் செய்யலாகாது. இரண்டாவது, கதையில் வரும் பொருளை அன்றே குழந்தை கண்ணால் காண வேண்டும். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்ததையும், நாவல்மரத்தின் மேலிருந்த சிறுவன் ஔவையிடம் குறும்பு செய்ததையும் சொல்லும்போது ஒரு நெல்லிக்காயும் சில நாவற்பழங்களும் மேசைமேல் இருக்கட்டும். நெல்லியைக் கடித்துத் தண்ணீர் குடிக்கும்போது நாவில் தோன்றும் இனிப்பை எந்தப் படத்தாளும் காட்ட இயலாது.

கைவேலைகள்

கண்டதும் கேட்டதும் கைக்கு வரவேண்டும். செலவில்லாத சில கைவேலைகளை இங்குக் குறிப்பிடுகிறேன்.

முதலாவது, மடிப்புத்தாள் மாங்காய். தடித்த தாளை இரண்டாக மடித்து மாங்காய் வடிவில் வெட்டுக. வெளியே பச்சை, திறந்தால் உள்ளே மஞ்சள், நடுவில் ஒரு கொட்டை. மூடும்போது 'காய்', திறக்கும்போது 'பழம்' என்று குழந்தை தானே சொல்லிக்கொள்ளும்.

இரண்டாவது, அச்சுப் பதித்தல். வெண்டைக்காயின் காம்புப் பகுதியைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்துப் பதித்தால் பூப்போன்ற அச்சு விழும். நட்சத்திரப்பழம் விண்மீனைத் தரும். வண்ணத்தையும் கடையில் வாங்க வேண்டியதில்லை. மஞ்சள்தூள் மஞ்சளையும், பீட்ரூட் சிவப்பையும், கீரைச்சாறு பச்சையையும் தரும். கிளந்தானில் சோற்றுக்கு நீலமேற்றும் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நல்ல நீலம் கிடைக்கும். அதில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் ஊதாவாக மாறும். குழந்தைகள் கைதட்டி ஆரவாரிக்கும் தருணம் அது!

மூன்றாவது, மங்குஸ்தீன் கணக்கு. அதன் அடிப்புறத்தில் சிறு பூவிதழ்போல் ஓர் அடையாளம் இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. பருவக்காலத்தில் ஆளுக்கொரு பழம் கொடுத்து, முதலில் எண்ணிச் சொல்லச் செய்து, பிறகு திறந்து சரிபார்க்கச் செய்யலாம். மொழிப்பாடமும் கணக்கும் ஒரே இலையில் பரிமாறப்பட்டுவிடும். ஆனால் அதன் தோல்சாறு துணியில் பட்டால் போகாது. தாய்மாரின் கோபத்துக்கு ஆளாகாதிருக்கப் பழந்துணி கட்டிவிடுக.

நான்காவது, பழுக்கவைக்கும் சோதனை. இரண்டு வாழைக்காய்களில் ஒன்றை மேசைமேல் வையுங்கள். மற்றொன்றை நன்கு பழுத்த வாழைப்பழத்தோடு காகிதப் பைக்குள் மூடிவையுங்கள். பையிலுள்ளது முந்திப் பழுக்கும். பழுத்த பழம் வெளிவிடும் எத்திலீன் என்னும் வளி காயையும் பழுக்கத் தூண்டுகிறது. பாட்டிமார் மாங்காயை அரிசிப்பானைக்குள் புதைத்ததும் அந்த வளி வெளியேறாமல் இருக்கத்தான். நாள்தோறும் நிறத்தைப் பார்த்து வரையச் செய்தால் குழந்தைக்குப் பொறுமையும் கூடவே பழகும்.

'உண்ணும் பொருளை விளையாட்டுக்கு வீணாக்குவதா?' என்று பெரியவர்கள் கேட்பது நியாயமே. ஆதலின் அச்சுக்குக் காம்பும் நுனியும் வதங்கியவையுமே போதும். நல்ல பகுதி சமையலுக்கும் வாய்க்கும் போகட்டும். கத்தி ஆசிரியர் கையில் மட்டுமே இருக்க வேண்டும். தொண்டையில் சிக்கக்கூடிய ரம்புத்தான் போன்றவற்றைக் கொட்டை நீக்கியே கொடுக்க வேண்டும்.

வீட்டிலிருந்து வரும் அறிவு

தோட்டப் பள்ளிகளில் பயிலும் குழந்தைகளுட் பலர் இன்று பட்டணங்களிலிருந்து பேருந்தில் வருகிறார்கள். எனினும் பள்ளியைச் சுற்றிச் செம்பனை நிற்கிறது. செம்பனைக் குலை காயாக இருக்கையில் கறுத்தும், பழுத்தபின் செம்மஞ்சளாகவும் தோன்றும். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைக் கண்டே குலை முற்றியதை வெட்டுகிறவர் அறிகிறார். காய்க்குலையை வெட்டினால் கூலியில் பிடித்தம் செய்யும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. எனவே காயையும் பழத்தையும் பிரித்தறிவது எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட கல்வி. அத்தொழில் செய்த தந்தையையோ தாத்தாவையோ ஒரு நாள் வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். தம் வீட்டார் அறிந்ததும் கல்வியே என்பதைக் குழந்தை அன்று கண்டுகொள்ளும்.

வெள்ளரிக்காயைத் 'தீமுன்' என்றும், வள்ளைக்கீரையைக் 'கங்கோங்' என்றும் சொல்லும் குழந்தைகள் உண்டு. அதைத் தவறு என்று தடுத்தல் வேண்டா. 'ஆம், கடையில் தீமுன். நம் வீட்டில் வெள்ளரிக்காய்' என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால், புதிய சொல் பழைய சொல்லின் தோள்மீது ஏறி நிற்கும். மலாய்மொழியிலும் 'மூடா', 'மாசாக்' என்று காயையும் பழத்தையும் வேறுபடுத்தும் வழக்கு உண்டு. எனவே மொழிகள் இங்கு முரண்படவில்லை, படத்தாளே முரண்படுகிறது.

நிற்க. இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்கலாம். படத்தாளைக் காட்டிப் பத்து முறை ஒப்பிக்கச் செய்யும் நேரத்தில் பாதி போதும். ஒப்பித்த பெயர் மறந்து போகும். பறித்து, முகர்ந்து, அச்சிட்டு, தின்ற பொருளின் பெயர் மறவாது.

திருவள்ளுவர் 100-ஆம் குறளில் இனிய சொல்லைக் கனிக்கும் கடுஞ்சொல்லைக் காய்க்கும் ஒப்பிட்டுள்ளார். அந்தக் குறளை எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் விளக்கியவன் நான். ஆயினும் பப்பாளியைக் காய்கறிக் கூடையில் ஒட்டிய குழந்தைக்கு அன்று நான் கொடுத்தது காய்தான். பாட்டியார் வந்து சென்ற மறுநாள் அவளுடைய தாளைத் தேடியெடுத்துக் குறுக்குக்கோட்டின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, 'சரி' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், பழுத்தா அந்தக் கூடைக்குப் போயிடும்" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தில் இப்பாடம் முழுதும் அடங்கிவிட்டது. நான் அதைக் கற்றுக்கொள்ள ஒரு குழந்தை சில வாரங்கள் தலைகுனிந்திருக்க வேண்டியதாயிற்று. நண்பர்களே, உங்கள் வகுப்பில் அந்த விலை கொடுக்க நேராதிருக்கட்டும்.