கொடியேந்திய கரம்

பட்டம் பெற்ற மகன் வேலையின்றி வீட்டில் இருந்தால் பெற்றோருக்கு இரு கவலைகள். வேலை எப்போது கிடைக்கும் என்பது ஒன்று. அதற்குள் பந்தின் பின்னால் ஓடியே காலத்தைக் கழித்துவிடுவானோ என்பது மற்றொன்று. இளைஞர்களோ, உலகக் கோப்பை ஆட்டங்கள் வந்துவிட்டால் இரவெல்லாம் கண்விழித்துப் பிற நாட்டு அணிகளுக்காக ஆரவாரம் செய்கின்றனர். நம் நாடு அங்கே இல்லையே என்று ஏங்குகின்றனர். வேலை, விளையாட்டு, நாட்டுப் பெருமை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அவை ஒரே மனிதரின் வாழ்வில் இசைந்து நின்றதை அறிந்தால் நம் எண்ணம் மாறும். அம்மனிதர் டாக்டர் தலிமேரன் ஆவோ.

இவர் 1918-ஆம் ஆண்டில் நாகர் மலையில் சாங்கி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பாப்டிஸ்ட் சபையின் போதகர். மகன் மருத்துவனாகி மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பது அவருடைய ஆவல். 1935-இல் தந்தை காலமானார்; அந்த ஆவல் மகனின் கடமையாயிற்று. கல்கத்தா சென்று கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே மருத்துவம் பயின்றுகொண்டே, புகழ்பெற்ற மோகன் பகான் கழகத்திற்காகவும் பந்தாடினார். படிப்பு ஆட்டத்தைக் கெடுக்கவில்லை; ஆட்டமும் படிப்பைக் கெடுக்கவில்லை.

1948-இல் இலண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறைவுறவில்லை. தொடக்க விழா அணிவகுப்பில் இந்தியாவின் மூவர்ணக் கொடியை ஏந்திச் சென்றவர் ஆவோ. கால்பந்து அணியின் தலைவரும் அவரே. நாகர் மலையில் தனி நாடு வேண்டும் என்ற குரல் ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. அம்மலையில் பிறந்தவர் கையில் நாட்டின் கொடி இருந்தது என்பதை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது.

ஜூலை 31 அன்று இந்திய அணி பிரான்சு அணியை எதிர்த்து ஆடியது. நம் ஆட்டக்காரர்களுள் பெரும்பாலோர் பூட்ஸ் அணியாது வெறுங்காலுடன் ஆடினர். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். ஆனால் இரண்டு பெனால்டி வாய்ப்புகள் கைநழுவின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு இரண்டாவது கோலை அடித்து, 2–1 என்று வென்றது. பூட்ஸ் அணியாததற்குக் காரணம் கேட்டவர்களிடம், ‘நாங்கள் ஆடுவது கால்பந்து, நீங்கள் ஆடுவது பூட்ஸ் பந்து’ என்னும் பொருள்பட ஆவோ நகைச்சுவையுடன் விடையிறுத்தார் என்பர்.

இக்கதையை இத்துடன் நிறுத்திப் பெருமை கொள்வது எளிது. ஆனால் பெருமை மட்டும் போதாது என்பதை 1952-ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டில் ஹெல்சிங்கி நகரத்துக் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் நம் அணி 10–1 என்று தோற்றது. அதன்பின் பூட்ஸ் கட்டாயமாயிற்று. குறையை உணர்ந்து பயின்ற அணி, 1956-இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தைப் பெற்றது. தன் குறையைக் காண மறுக்கும் நாட்டுப்பற்று வெறும் வீம்பே. குறை கண்டு திருத்திக்கொள்வதே உண்மையான பற்று.

ஆவோ 1950-இல் தம் 32-ஆம் வயதில் மருத்துவப் பட்டம் பெற்றார். கையில் பட்டம்; நாடெங்கும் புகழ். பெருநகரிலேயே தங்கியிருக்கலாம். அவரோ 1953-இல் கோகிமா அரசு மருத்துவமனையில் பணி ஏற்றார். பின்னர் நாகாலாந்து சுகாதாரப் பணிகளின் இயக்குநராக உயர்ந்து, 1978-இல் ஓய்வு பெற்றார். 1998-இல் இறைவனடி சேர்ந்தார். அவர் இலண்டனில் கொடி ஏந்தியது ஒரு நாள். தம் மலைமக்களின் நோய் தீர்க்க உழைத்தது 25 ஆண்டுகள். இவற்றுள் எது பெரிய நாட்டுத் தொண்டு என்று எண்ணிப் பார்ப்போமாக.

நாசரேத்தூர்த் தச்சுப்பட்டறையில் உழைத்த புனித சூசையப்பரின் பெயரால் மே முதல் நாளைத் தொழிலாளர் திருநாளாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் ஏற்படுத்தினார். உழைப்பின் மாண்பு ஊதியத்தின் அளவில் இல்லை என்பதே அத்திருநாள் தரும் பாடம். பந்தயத் திடலில் ஓடுவோரைக் காட்டி விசுவாச வாழ்வை விளக்கிய புனித சின்னப்பரும் விளையாட்டை இழிவாகக் கருதவில்லை.

ஆகவே பெற்றோரே, மாலையில் ஒரு மணி நேரம் பந்தாடும் மகனைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். வேலை கிடைக்காமை ஒரு குற்றமன்று. ஏற்கெனவே நொந்திருக்கும் உள்ளத்தை மேலும் நோகச் செய்யவேண்டாம். பட்டம் பெற்ற இளைஞரே, தொலைக்காட்சியின் முன் எழுப்பும் முழக்கத்தோடு உங்கள் நாட்டுப்பற்று முடிந்துவிட வேண்டாம். வேலை வரும்வரை பங்கிலுள்ள சிறுவருக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள், பந்தாடவும் கற்றுக்கொடுங்கள். வேலை வந்தபின், அது எத்துணைச் சிறிதாயினும், நேர்மையோடு செய்யுங்கள்.

கொடி ஏந்தும் வாய்ப்பு சிலருக்கே கிட்டும். நேர்மையாக உழைத்து நாட்டுக்குப் பெருமை சேர்க்கும் வாய்ப்போ நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.